கை வைக்காத தட்டு

கண்ணு,

இந்த வாரம் பம்பாயிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று நீ எனக்கு எழுதியது. வீட்டு விலாசம் உனக்கு மறந்துபோனதுபோல் மில் விலாசத்துக்கு அனுப்பியிருந்தாய். சிறுநீரில் சர்க்கரை என்று உங்கள் டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், வீட்டில் சரசுவிடமும் நீ சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் உன் அம்மா இன்னொரு கடிதத்தோடு நிற்கிறாள். அது மருமகள் சரசு அவளுக்கு எழுதியது. உன் அம்மாவுக்குத்தான் எழுத்து தெரியாதே, வழக்கம்போல் நான்தான் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். "அத்தை, நானும் ஒரு மாசமாப் பாக்கறேனுங்க. முறுக்குச் சுட்டு வெச்சாலும் தொடறதில்லை, பருப்பும் வெல்லமும் வெச்சு ஒப்பிட்டுத் தட்டுனாலும் தொடறதில்லை. தட்டைப் பாக்கறாங்க, என்னையப் பாக்கறாங்க, எந்திரிச்சுப் போயிடறாங்க. என் கைப்பக்குவம் புடிக்கலையா, என்னையவே புடிக்கலையான்னு தெரியலீங்க அத்தை." இதைச் சத்தமாக வாசிக்கும்போது உன் கடிதம் என் நெஞ்சுக்கு நேரே பையில் கிடந்தது. "என்னங்க ஆச்சு பையனுக்கு?" என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை, வேலைச் சுமையாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் பயத்துக்கு வருகிறேன். இந்த வியாதியோடு நான் பதினேழு வருடமாக ஸ்பின்னிங்கில் மேஸ்திரியாக நின்று வேலை வாங்கிக்கொண்டிருக்கிறேன். நீயும் இருப்பாய். டாக்டர் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தாதே, நடையை நிறுத்தாதே. சோற்றைக் குறைக்கச் சொன்னால் குறை. எனக்கு முதன்முதலில் அரிசியைக் குறைக்கச் சொன்னபோது நான் செய்த கூத்து உனக்குத் தெரியாது. அரிசியைத்தானே வேண்டாம் என்றார், ராகியை இல்லையே என்று வேளைக்கு மூன்று உருண்டை களி தின்றேன். வெள்ளைச் சீனியைத்தானே சொன்னார் என்று காப்பியில் கருப்பட்டி போட்டுக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து டாக்டர் வீட்டுப் படியேறிப் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "களியும் மாவுதானுங்க மேஸ்திரி. உங்க வயித்துக்கு அது எந்தச் சாக்குல இருந்து வந்ததுன்னு தெரியுமுங்களா?" என்றார். இப்போது ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறது. எனக்கு ஒரு கரண்டி போதும் என்பதால் நம் வீட்டில் மட்டும் அரிசிக்குப் பஞ்சமில்லை. இந்த வியாதியால் நான் கண்ட லாபம் அது ஒன்றுதான்.

சோற்றைக் குறைப்பது கஷ்டமில்லை கண்ணு. நான் பட்ட கஷ்டமெல்லாம் நொறுக்குத் தீனியில்தான். மில்லில் இடைவேளைச் சங்கு ஊதியதும் கேட்டுக்கு வெளியே பத்துப் பேராகப் போய் நிற்போம். அங்கே ஓர் அம்மா கூடையில் கச்சாயம் சுட்டுக் கொண்டுவருவார். வெல்லப் பாகும் அரிசி மாவும் சேர்த்து எண்ணெயில் போட்டு எடுப்பது, உனக்குத் தெரியாததா. பஞ்சுத் தூசி அடைத்த தொண்டைக்கு அதன் ஓரத்து மொறுமொறுப்பு இறங்கும்போது, விட்டுப்போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கும். டாக்டர் சொன்ன பிறகும் நான் அதை விடவில்லை. ஆனால் வீட்டில் நான் பெரிய விரதக்காரன். உன் அம்மா எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். அப்பா தின்ன முடியாததை இந்த வீட்டில் யாரும் தின்ன வேண்டாம் என்பது அவள் கணக்கு. நானும் அதைத் தடுக்கவில்லை. தடுக்காததோடு, வீட்டில் முறுக்கு வாசனை வரக்கூடாது என்று சட்டமே போட்டேன். அடுத்த வீடுகளில் தீபாவளிப் பலகாரம் சுடும்போது நம் வீட்டில் நீ கம்மங்கூழ் குடித்தாய். உனக்கு அப்போது பத்து வயது.

அந்தத் தீபாவளி உனக்கு நினைவிருக்கும். மறந்திருப்பாய் என்று என்னை நானே இத்தனை நாள் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள், பகல் ஷிப்ட் முடிந்து வந்தேன். நீ கால்சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றாய். பையில் எண்ணெய்க் கறை தெரிந்தது. கையை விலக்கிப் பார்த்தால் ஒரு கை முறுக்கு, பக்கத்து வீட்டில் கொடுத்தது. "இந்த ஊட்டுக்குள்ள இதக் கொண்டாரலாமா?" என்று கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். நீ அழுதுகொண்டே சொன்னாய். "எனக்கில்லீங்கப்பா. உங்களுக்குத்தானுங்க. உங்களுக்குத்தான் ஆருமே பலகாரம் குடுக்கறதில்லையே." அது என் காதில் நன்றாக விழுந்தது. விழாததுபோல் அந்த முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு, குளத்தில் வீசிவிட்டு வருகிறேன் என்று கத்திக்கொண்டே வெளியே போனேன். நீ வாசற்படியில் உட்கார்ந்து விசும்பியது தெருமுனை வரைக்கும் கேட்டது. கண்ணு, இப்போது சொல்கிறேன். உன்னை அடித்தபோது என் வயிற்றில் மில் கேட்டில் தின்ற இரண்டு கச்சாயம் இருந்தது. முறுக்கையும் நான் வீசவில்லை. சிங்காநல்லூர்க் குளத்துக் கரையில் பனைமரத்துக்குப் பின்னால் நின்று, ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். இத்தனை வயதில் நான் செய்த காரியங்களில் இதை நினைத்தால்தான் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அதோடு முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். நீ அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தாய். "முறுக்கு எங்கீங்க?" என்றாள் அம்மா. "கொளத்துல வீசியாச்சு" என்றேன். "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். உனக்கு இப்போது பரிசோதனை எப்படிச் செய்கிறார்களோ தெரியாது. எனக்கு டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு புட்டி நீல மருந்தும் கொடுத்திருந்தார். மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை நாள் என்று வைத்திருந்தோம். நான் சனிக்கிழமை முழுக்கப் பட்டினி கிடந்து ஞாயிற்றுக்கிழமை நீலத்தை வாங்கிவிடுவேன். எழுத்து தெரியாத உன் அம்மா அந்த நிறத்தைப் பார்த்து என்னை நம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஞாயிறு இல்லை. "இப்பவே பாக்கோணுங்க" என்று அவள் குழாயை நீட்டினால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. காய்ச்சக் காய்ச்ச நிறம் ஏறி, செங்கல்லைப் பொடித்துக் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. விளக்கை ஊதி அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கொளத்துல முறுக்க வீசுனா இந்தக் கலரு வருமுங்களா?" என்றாள்.

அவள் என்மேல் கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் கத்தவில்லை. உட்கார்ந்தாள், கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு சொன்னாள். "நானும் தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. அடுப்ப அணைச்சுப்போட்டா ஆசையும் அணைஞ்சுபோகுமுன்னு நெனச்சுப்போட்டேன். ஒளிச்சுத் தின்னா அளவு தெரியாதுங்க. இனிமே எதத் தின்னாலும் எங்க முன்னால உக்காந்து தின்னுங்க." மறுநாளே எண்ணெய்ச் சட்டி பரணிலிருந்து இறங்கியது. உனக்கு முறுக்குச் சுட்டாள். எனக்கு ஒரு பித்தளைத் தட்டு வைத்தாள். உப்புப் போட்டு வேகவைத்த கடலைக்காய், பல் பல்லாகக் கீறிய தேங்காய், மிளகாய்ப் பொடி தூவிய வெள்ளரிப் பிஞ்சு. இதுவா பலகாரம் என்று எரிச்சலாக இருந்தது. தோடு உரிக்க உரிக்க எரிச்சல் போய்விட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன், கடலைக்காயை ஒவ்வொன்றாக உரித்துத் தின்னும்போது ஒரு கைப்பிடி கால்மணி நேரம் வரும். கச்சாயம் நாலு கடியில் தீர்ந்துபோகும். எனக்கு நாக்கில் இனிப்பு வேண்டியிருந்ததைவிட, வேலையை மறந்து உட்கார்ந்து எதையாவது கொறித்துக்கொண்டு பேசுவதுதான் வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கூடைக் கச்சாயம் தேவைப்பட்டிருக்கிறது.

அவள் ஒரு சட்டம் போட்டாள், அதை உனக்கும் எழுதுகிறேன். கைப்பிடி அளவு என்றால் அது அவள் கைப்பிடி, என் கைப்பிடி அல்ல. என் கை மேஸ்திரி கை, அதில் ஒரு படி கொள்ளும் என்று சிரிப்பாள். தட்டப்பயறிலோ கொள்ளிலோ சுண்டல் செய்தால் சின்னக் கிண்ணத்தில் பாதிதான், அதிலும் மாவு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் மொறுமொறுவென்று கேட்டால் உப்புக்கண்டம் பொரித்துத் தருவாள். கறியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து எடுத்தது, ரெண்டு துண்டு போதும், வாய்க்கு வேலை கிடைத்துவிடும். மிளகு தூவிய முட்டை, புளிக்காத மோர், கருவேப்பிலையோடு வறுத்த கடலை என்று பதினேழு வருடத்தில் நான் தின்ற தீனி எந்தப் பலகாரக் கடைக்கும் குறைந்ததில்லை. வருடத்துக்கு ஒரு முறை, தீபாவளியன்று, எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு முறுக்கு எனக்கு உண்டு. அதை நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று வைத்தவளும் அவள்தான். அப்பாவுக்கு முறுக்கு எடுத்துக் கொடுடா என்று உன்னை ஏன் கூப்பிட்டாள் என்று உனக்கு அப்போது புரிந்திருக்காது.

நடுவில் நான் வழுக்கவில்லை என்று சொன்னால் மறுபடி பொய். ஒரு வருடம் நூல் சுற்றும் பாபின் பெட்டி காலில் விழுந்து கட்டைவிரல் புண்ணானது. மூன்று மாதம் ஆறவில்லை. அந்தச் சமயம் நான் கல்யாண வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை நீட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு புண் வந்தால் விரலை எடுத்துவிடுவேன் என்றார் டாக்டர். அன்றைக்கு உன் அம்மாவிடம் சத்தியம் செய்தேன், வெளியிடத்தில் ஒரு துணுக்குப் பலகாரம் தொடமாட்டேன் என்று. அந்தச் சத்தியம்தான் தொண்டாமுத்தூரில் வந்து நின்றது.

உனக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் என் பக்கத்துக் கதை உனக்குத் தெரியாது. நம் பக்கத்தில் வழக்கம் என்ன என்று உனக்குத் தெரியும். பெண் வீட்டில் பலகாரத் தட்டு வைப்பார்கள். பிடித்திருந்தால் மாப்பிள்ளையின் அப்பா தட்டில் கை வைப்பார். வைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று பொருள். வாயால் யாரும் சொல்வதில்லை. பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தென்னந்தோப்பு வழியாக வரும்போதே, ராத்திரி யானை வந்து மிதித்துப்போன பாத்தியை அவள் மண்வெட்டியோடு நின்று சரிசெய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் முன்னால் வைத்த தட்டில் கச்சாயம், ஒப்பிட்டு, முறுக்கு, வாழைப்பழம். தொடக்கூடாதது எல்லாம் ஒன்று விடாமல் ஒரே தட்டில். வியாதி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லவில்லை. சர்க்கரைக் குடும்பம், பையனுக்கும் வரும் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். உன் அம்மாவையும் சொல்லக்கூடாது என்று வண்டியிலேயே மிரட்டி வைத்திருந்தேன். ஆக, வாயையும் திறக்க முடியவில்லை, கையையும் நீட்ட முடியவில்லை.

பெண்ணின் அப்பா இரண்டு தரம் கேட்டார். "ஏனுங்க, எடுத்துக்கங்க." நான் தட்டைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். மூன்றாவது தரம் அவர் கேட்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க, நேரமாச்சுன்னா பொறப்படுங்க" என்றார். உள்ளே பெண்களின் பேச்சு நின்றுபோனது. உன் முகத்தைப் பார்த்தேன், பத்து வயதில் வாசற்படியில் பார்த்த அதே முகம். அப்போதுதான் உன் அம்மா எழுந்து நின்று, நான் முறைக்க முறைக்கச் சொன்னாள். "எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. அவிங்களுக்குச் சர்க்கரை வியாதிங்க. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. வேற ஒண்ணுமில்லீங்க." எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சரசு ஒரு தட்டோடு வெளியே வந்தாள். அவர்கள் வயலில் அன்றைக்குப் பிடுங்கிய கடலைக்காய், அடுப்பில் வெந்துகொண்டிருந்ததை ஆவி பறக்க வடித்தது, பக்கத்தில் நாலு தேங்காய்ச் சில்லு. என் முன்னால் வைத்துவிட்டு, "இது திங்கலாமுங்களா மாமா?" என்றாள். சம்பந்தம் முடிவாகும் முன்னாலேயே மாமா என்று கூப்பிட்டுவிட்டாளே என்று அவளுடைய அப்பா சிரித்துவிட்டார். நான் தட்டில் கை வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததைக் கடலைக்காய் சுடுகிறது என்று சமாளித்தேன்.

இப்போது புரிகிறதா, நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று? நீ வியாதியை மறைக்கிறாய் என்று நினைக்கிறாய். அவள் பிறந்து வளர்ந்த வழக்கத்தில், முன்னால் வைத்த தட்டைத் தொடாமல் ஓர் ஆண்பிள்ளை எழுந்து போனால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. நீ என்னை வேண்டாம் என்கிறாய் என்று ஒரு மாதமாகத் தினமும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். மொழி தெரியாத ஊரில், ஒற்றை அறையில், அவள் அதை யாரிடம் போய்ச் சொல்லுவாள்? சர்க்கரையைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு நீ கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்கு என்ன வைப்பது என்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தவள் அவள். அவளிடம் மறைக்கிற உன்னைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை, நீ கற்றுக்கொண்டதே என்னிடம்தானே. அன்றைக்கு உன்னை அடித்ததற்கு மன்னித்துக்கொள் கண்ணு. நீ முறுக்கைக் கொண்டுவந்தது எனக்காக என்று தெரிந்தே, கேட்காததுபோல் போனேனே, அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

பம்பாய்க்கு ஒரு சின்னப் பார்சல் கட்டு என்று உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். தொண்டாமுத்தூரிலிருந்து சம்பந்தி போன வாரம் அனுப்பிய காய்ந்த கடலைக்காய், ரெண்டு தேங்காய், ஒரு படி கொள்ளு, கொஞ்சம் உப்புக்கண்டம். முறுக்கும் கச்சாயமும் வேண்டாம் என்றேன். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு உள்ளே போய், என் பழைய கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து, உன் சின்ன வயதுச் சட்டை ஒன்றில் சுற்றிக் கடலைக்காய் நடுவில் பத்திரமாக வைத்துப் பார்சலைத் தைத்தாள். நான் இன்னும் உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே கணபதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நம் சிநேகிதர் மெஷின் சாமான் வாங்கப் பம்பாய் வருகிறார். பார்சலை உன் கையில் கொடுக்க வேண்டாம், வீட்டுக்கே போய் மருமகள் கையில் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சரசு பிரித்துப் பார்த்தால் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீ என் மில்லுக்கு எழுதியதுபோலவே நானும் இந்தக் கடிதத்தை உன் மில் விலாசத்துக்கு அனுப்புகிறேன், வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போய், அவளை உட்காரவைத்து, நீயே சொல்.

பார்சல் சனிக்கிழமை காலையில் வரும்.

அப்பா